பதிவாகாத அரை மணி நேரம்

துணி காயப்போடுவது அந்த வீட்டில் கணவர் வேலை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மின்நிலையத்துக்கு வேலைக்குப் போகிறவள் மனைவி. மாடியில் போர்வையை உதறிப் போட்டுவிட்டு இறங்கி வந்தவர், செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவளைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, கேஸ்ல ஓடுற பிளான்ட், புகையே தெரியாதுன்னு பெருமை அடிச்சிக்குவியே. நேத்து எட்டு மணிக்கு மஞ்சமஞ்சேள்னு வந்துச்சு. உங்க புகைபோக்கிக்கு என்ன, காமாலையா?"

"ஸ்டார்ட் பண்றப்போ அப்படித்தாங்க. அரை மணியில தெளிஞ்சிடும்."

"உன் மெஷின் என்ன சொல்லுச்சு?"

"அது ஒண்ணும் சொல்லல" என்றாள். பஸ்ஸில் போகும்போது அந்தப் பதில் அவளையே உறுத்தியது. சொல்லவிடாமல் வாயை அடைத்தது அவள்தானே.

மின்நிலையத்தில் அவளுக்கு 'மூக்கக்கா' என்று பெயர். புகைபோக்கியை மோந்து பார்ப்பதுதான் வேலை என்று எவனோ கிண்டலாக வைத்தது, இருபது வருஷமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு சிலிண்டர் உருட்டும் வேலைக்கு வந்தவள், பார்த்துப் பார்த்தே கருவியைக் கற்றுக்கொண்டாள். புகைபோக்கியின் அடியில் ஒரு சின்ன ஏசி அறை. அதில் பீரோ உயரத்துக்கு ஒரு கருவி. மேலேயிருந்து மெல்லிய குழாய் வழியே புகையை உறிஞ்சி, அதில் நைட்ரஜன் ஆக்சைடு எவ்வளவு என்று எண்ணில் காட்டும். அந்தக் கருவி உண்மையைத்தான் சொல்கிறதா என்று தினமும் ஒருமுறை, அளவு தெரிந்த வாயுவைச் சிலிண்டரிலிருந்து கொடுத்துச் சோதிக்க வேண்டும். தராசுக்குப் படிக்கல் வைத்துப் பார்ப்பது மாதிரி. அந்த அரை மணி நேரம் புகைபோக்கியில் என்ன வந்தாலும் பதிவாகாது.

முன்பெல்லாம் டர்பைன் மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும். அவளும் பதினோரு மணிக்குச் சோதனை செய்வாள். இப்போது இரவில் நிறுத்தி, காலையில் ஓட்டுகிறார்கள். ஓடத் தொடங்கும்போது தீ ஒரு நிலைக்கு வராது. அந்த ஆக்சைடு கூடி, மஞ்சளாகப் புகை வரும். நாலு மாதத்துக்கு முன் ஷிப்ட் இன்ஜினியர் வந்து, "அக்கா, எப்படியும் தினம் செய்யற சோதனைதானே, எட்டு மணிக்கே முடிச்சிடுங்களேன்" என்றார். பதினோரு மணி டீயை நிம்மதியாகக் குடிக்கலாமே என்று அவளுக்கும் சந்தோஷம்தான். மஞ்சள் புகை பதிவாகாமல் இருக்கத்தான் அந்த எட்டு மணி என்பது பிடிபட மூன்று வாரம் ஆனது. பிடிபட்ட பிறகும் செய்தாள். விதிப்படி அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஒப்பந்தம் வருஷாவருஷம் புதுப்பிக்கிற வேலை வேறு.

இன்று எட்டு மணிக்கு டர்பைன் உறுமியது. அவள் சிலிண்டர் வால்வைத் தொடவில்லை. வரம்பு ஐம்பது; எண் எண்பத்தாறுக்குப் போனது. இரண்டாவது நிமிஷம் இன்ஜினியர் ஹெல்மெட்டும் கையுமாக ஓடிவந்தார்.

"என்னக்கா, கன்ட்ரோல் ரூம் முழுக்கச் சிவப்பா எரியுது! சோதனை போடலையா? மறந்துட்டீங்களா?"

"மறக்கல. பதினோரு மணிக்குப் போடுறேன்."

"விளையாடாதீங்க. மேல விளக்கம் எழுதணும். அடுத்த மாசம் உங்க ஒப்பந்தம் வேற இருக்கு, தெரியுமில்ல?"

"தெரியும் தம்பி." மற்றவர் முன்னால் சார்; தனியாக இருந்தால் தம்பி. "வந்தது வந்தபடி பதிவாகட்டும். ஸ்டார்ட் பண்ற நேரம்னு பக்கத்துல எழுதுங்க. அதானே உண்மை?"

"சரி, எழுதறேன். நாலு மாசமா இந்த எண் வரலையே, இன்னைக்கு மட்டும் எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்களே? அப்ப மாட்டறது நான் மட்டுமில்ல, நீங்களும்தான்."

அவள் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"செஞ்சது நான்தான்னு சொல்லிடுவேன். தெரிஞ்சேதான் செஞ்சேன்னும் சொல்லுவேன். செய்யச் சொன்னது யாருன்னு கேட்டா, நீங்க என்ன சொல்லுவீங்க?"

இன்ஜினியர் எண்ணைப் பார்த்தார். எண்பத்தொன்பது. ஹெல்மெட்டைத் தலையில் வைத்து, வாரை இழுத்து மாட்டினார். கதவைத் திறந்துகொண்டு, விளக்கம் எழுத கன்ட்ரோல் ரூம் பக்கம் போனார்.