குனியாத லியோனில்டி

லியோனில்டி ஆறு வருடம் மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை பார்த்துவிட்டு, இருபத்தைந்து வயதில் எங்களோடு கல்லூரியில் சேர்ந்தாள். முதலாண்டுக்காரர்கள் சீனியர்களின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது போர்ச்சுகலில் பழைய வழக்கம். முதல் நாள் நாங்கள் எல்லோரும் முற்றத்தில் மண்டியிட்டுத் தரையைப் பார்த்திருந்தோம். அவள் மட்டும் நின்றாள்.

சீனியர்கள் மட்டுமே போடும் கறுப்பு அங்கியில் டெல்மு அவள் முன்னால் வந்தான். எட்டாவது வருடமாகப் படிக்கிறவன். அதிக வருடம் இருப்பவனுக்கே இங்கே அதிகாரம்.

"ஏய் புதுசு, கண்ணைக் கீழ போடு."

"அதிகமா ஃபெயிலானவன்தான் இங்க ராஜாவா, தம்பி?"

"இந்த அங்கியை நீ போடவே முடியாது. உன்கூட யாரும் பேசவும் மாட்டாங்க."

"அங்கி கடையில விக்குது. பேசுறதும் பேசாததும் அவங்க இஷ்டம்."

அந்த வருடம் முழுக்க அவள் சாப்பாட்டு மேசையில் தனியாகத்தான் உட்கார்ந்தாள். பயத்தில் நானும் அவள் பக்கம் போகவில்லை. எல்லாப் பாடத்திலும் தேறினாள்.

மறு வருடம் முதல் நாள், கடையில் வாங்கிய அங்கியைப் போட்டுக்கொண்டு, டெல்முவின் முன்னால் மண்டியிட்டிருந்த புதியவர்களிடையே வந்தாள்.

"எந்திரிங்கப்பா. மாட்டேன்னு சொன்னா ஒண்ணும் ஆகாது. நான் சொல்லிட்டுத்தான் ரெண்டாவது வருஷம் வந்திருக்கேன். இவன் இன்னும் இங்கயேதான் இருக்கான்."

"உனக்கு அந்த அங்கியைப் போட உரிமை இல்ல," என்றான் டெல்மு.

"வந்து கழட்டிப் பாரு."

அவன் நகரவில்லை. ஒரு பெண் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். நான் சீனியர் வரிசையை விட்டு லியோனில்டியின் பக்கம் போய் நின்றேன்.