பிரேக் மாஸ்டர் ஓடக் கற்றுக்கொடுத்த கதை

அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், காரை அவர்தான் ஓட்டினார் என்பார்கள். பயிற்சி வண்டியில் கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஆபத்துக்கு உதவட்டும் என்று வைத்தது. இவருக்கோ வண்டி கிளம்பினாலே ஆபத்துதான். அரைத் தெரு தள்ளி ஒரு நாய் கொட்டாவி விட்டால் போதும், கால் பிரேக்கில் இறங்கிவிடும். லைசென்ஸ் தேர்வன்று பக்கத்து சீட்டில் இவருக்குப் பதில் அதிகாரி உட்கார்ந்திருப்பார். வண்டி தானாக நின்றுவிடும் என்று நம்பி எத்தனையோ பேர் சுவரில் போய் முட்டினார்கள். "நான் சொன்னதைக் கேட்டிருந்தா பாஸாகியிருப்பான்" என்பார் மனிதர், கொஞ்சமும் கூசாமல். எல்லோரும் சேர்ந்து அவருக்கு பிரேக் மாஸ்டர் என்று பேர் வைத்தார்கள். அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

இப்பேர்ப்பட்டவர்தான் மகளுக்கு ஓடக் கற்றுக்கொடுக்கக் கிளம்பினார்.

பெண் ஐந்தாம் வகுப்பு. பள்ளியின் தொடர் ஓட்ட அணியில் ஒரே ஒரு இடம் காலி. மற்ற மூன்று இடத்திலும் அவளுடைய தோழிகள். நாலாவது ஆளாகத் தானும் சேர்ந்தே தீரவேண்டும் என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள். விளையாட்டு டீச்சர் அவளிடம் சொன்ன குறை ஒன்றுதான்: "கையை இறுக்கி மூடிக்கிட்டு, தோளைக் காதுவரைக்கும் தூக்கிட்டு ஓடுற. கொஞ்சம் தளர விடு, வேகம் தானா வரும்."

"அவ்வளவுதானே, நான் பாத்துக்கறேன்" என்றார் அப்பா.

மறுநாள் விடிந்ததும் மைதானம். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, புது ஷூ. ஓடப் போவது இவரோ என்று சந்தேகமே வந்துவிடும். மகள் முன்னால் ஓட, தொந்தி குலுங்க இவர் பின்னால். "முட்டியைத் தூக்கு! முழங்கையை மடக்கு! தோளை இறக்கு! இறக்குன்னா இவ்வளவா இறக்குவாங்க? ஏத்து!" முதுகுக்குப் பின்னால் ஒருவர் இப்படித் தொண்டை கிழியக் கத்தினால் எந்தத் தோள் தளரும்? ஒவ்வொரு அதட்டலுக்கும் பிள்ளை திரும்பிப் பார்த்தது. திரும்பும்போதெல்லாம் கால் பின்னிக்கொண்டது.

"பின்னாடி பாக்காத!" என்று பின்னாலிருந்து கத்தினார்.

என்னவோ ஏதோ என்று அவள் திரும்பிப் பார்த்தாள்.

ஒரு நாள் இந்தக் கூத்தை டீச்சரும் பார்த்துவிட்டார். "தோள் இருக்கட்டும் சார். திரும்பித் திரும்பிப் பாக்கற பழக்கம் இவளுக்குப் புதுசா எங்கேர்ந்து வந்துச்சு?"

"அதைத்தான் மேடம் நானும் கண்டுபிடிக்கப் பாக்கறேன்."

வீட்டில் மனைவி பட்டென்று சொல்லிவிட்டாள்: "ஒரு நாளாவது வாயை மூடிட்டு நின்னு பாருங்களேன்."

"நான் இல்லன்னா அவ எங்க போய் முட்டுவாளோ!"

வேடிக்கைக்குச் சொல்லவில்லை, மனிதர் உண்மையிலேயே பயந்தார். அதற்காகத் தன் பயத்தையெல்லாம் பிள்ளை முதுகில் ஏற்றிவிட்டு, அதற்குப் பாசம் என்று பேரும் வைத்தால், பார்க்கிறவர்களுக்குப் பற்றிக்கொண்டுதான் வரும்.

அணிக்கு ஆள் எடுக்கும் நாள் வந்தது. டீச்சர் மாஸ்டரைக் கூப்பிட்டு, ஓட்டம் முடியும் கோட்டில் நிறுத்தி, நாடாவின் ஒரு முனையைக் கையில் கொடுத்தார். வாயில் ஒரு விசிலையும் வைத்தார். "முதல் ஆள் நாடாவைத் தொட்டதும் ஊதணும். அதுவரைக்கும் வாயிலேர்ந்து எடுக்கக் கூடாது. பொறுப்பான ஆள் கிடைக்கறது கஷ்டம் சார்." பொறுப்பு என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. விறைப்பாக நின்றுகொண்டார்.

பிள்ளைகள் கிளம்பினார்கள். மகள் நேரே அவரைப் பார்த்து வந்தாள். விரல்கள் விரிந்திருந்தன, தோள் இறங்கியிருந்தது. அவ்வளவு வேகத்தில் அவளை அவர் பார்த்ததே இல்லை. வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. விடாமல் அழுத்தினார். அவள் நிற்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் வந்து நாடாவை மார்பால் தள்ளிக்கொண்டு போனாள். விசில் ஊத மறந்தே போனார்.

நாலாவது இடம் அவளுக்குத்தான் என்று டீச்சர் சொன்னதும் மாஸ்டர் விசிலைத் துப்பினார். "பாத்தீங்களா? ஒரு தடவைகூடத் திரும்பல! எல்லாம் நான் குடுத்த ட்ரெயினிங்!"

மகள் மூச்சு வாங்கிக்கொண்டே அருகில் வந்தாள். "உங்களை அங்க நிக்க வைக்கச் சொன்னதே நான்தான்ப்பா."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்பா முகத்தைப் பாத்துக்கிட்டே ஓடணும்னுதானா கண்ணு?"

"இல்லப்பா. அங்க நின்னா நீங்க பின்னாடி வர முடியாதுல்ல."

மாஸ்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அவள் தோழிகளைப் பார்த்து ஓடிவிட்டாள். திரும்பிப் பார்க்கவே இல்லை.