களத்தில் வைத்த எலுமிச்சம்பழம்

இன்று காலை எஸ்டேட் காபிக் களத்தில் ஒரு டூரிஸ்ட் வேன் நின்றது. காபி காயவைத்த இடம் இப்போது கார் நிறுத்தும் இடம். அது போகட்டும், சக்கரத்தடியிலிருந்து மழையில் நனைந்த சிமெண்ட் வாசனை வந்தது. அந்த வாசனை வந்தால் எனக்குக் கணக்குதான் நினைவுக்கு வரும். நானோ பி.ஏ. வரலாறு, அதுவும் தபாலில்.

சில வருடங்களுக்கு முன் என் மகள் மகா, எம்.எஸ்ஸி. கணிதத்தில் ஒரே பேப்பரில் இரண்டாவது முறை தோற்று, பெட்டியோடு இந்த எஸ்டேட் வீட்டில் வந்திறங்கினாள். "இனிமே போமாட்டேன்" என்றாள். அப்புறம் பேச்சே இல்லை. அவள் குளிக்கப் போனால்கூட நான் கதவுக்கு வெளியே நின்று வெங்காய விலையைச் சொல்லிக்கொண்டிருப்பேன். உள்ளே சொம்புச் சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும்.

கோடை லீவில் அவள் வகுப்புத் தோழி பூங்கொடி, நான்கைந்து பேரோடு குப்பனூர் மலைப்பாதை வழியாக பைக்கில் வந்துவிட்டாள். "மகா வரலீன்னா என்னங்கம்மா, வகுப்பு இங்க வருமுங்க."

வாத்தியார் கிடையாது. அறுவடை முடிந்து காலியாகக் கிடந்த களம் முழுக்கச் செங்கல் துண்டால் எழுதினார்கள். சட்டம் ஒன்றுதான்: தெரிந்தவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும், தெரியாதவர்தான் கணக்குப் போட வேண்டும். பல ஆபீஸ்கள் அப்படித்தானே நடக்கின்றன.

வயசுப் பிள்ளைகளாயிற்றே என்று முறுக்குத் தட்டோடு வேவு பார்க்கப் போவேன். கணக்கைத் தவிர எதுவும் நடக்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றம்தான். மகா மட்டும் ஓரமாக முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

எஸ்டேட்டில் வேலை செய்யும் ராசம்மாக்கா ஒருநாள் களத்தைப் பார்த்து அரண்டுபோனார். "கண்ணு, புள்ளைக்கு யாரோ செய்வினை வெச்சுட்டாங்க. அதான் பேசமாட்டீங்குது."

"அது கணக்குங்கக்கா."

"கணக்குல எதுக்கு சாமி சூலம்?"

நியாயமான கேள்வி. ஏதோ கிரேக்க எழுத்தாம், அச்சு அசல் சூலம். மறுநாள் காலை, இருப்பதிலேயே பெரிய வட்டத்தின் நடுவில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் ஒன்று உட்கார்ந்திருந்தது.

பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று நினைத்தேன். ஒரு பையன் அதைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக வைத்தான். "புள்ளியெல்லாம் பழத்தை நெருங்கிட்டே போவுது. ஆனா பழம் இந்தக் கணத்துல, இந்தப் புள்ளிக் கூட்டத்துல, சேத்தியில்ல. அதனால அது எல்லைப்புள்ளி ஆவாது." பூங்கொடிகூடத் தலையாட்டினாள்.

"ஆவும்டா மாடு."

மகாதான்.

"வெளிய இருந்தாலும் ஆவும். எவ்வளவு கிட்டத்துல பாத்தாலும் பக்கத்துல ஆள் இருக்குதுல்ல? அது போதும்." எழுந்துபோய் அவன் கையிலிருந்த செங்கல்லைப் பிடுங்கினாள்.

பூங்கொடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. தட்டோடு நின்று அழுதேன்.

மதியம் மழை வந்து எல்லாவற்றையும் அழித்தது. அதற்குள் அந்தப் பழத்தைப் பிழிந்து ஜூஸ் போட்டுக் குடித்துவிட்டார்கள். வரலாறு படித்த நான் மட்டும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அவர்களுக்குச் சர்க்கரை போதவில்லை. "பாத்தியா கண்ணு, எடுத்துட்டோம்ல?" என்றார் ராசம்மாக்கா. நான் மறுக்கவில்லை. மறுத்துப் பேசி, போனது திரும்பி வந்துவிட்டால்?

மகா அந்தப் பேப்பரை எழுதித் தேறினாள். இன்று வேறு ஊரில் வேலை. அந்தக் கூட்டமும் ஆளுக்கொரு திசை. ஞாயிற்றுக்கிழமை போனில், "சாப்டீங்களாம்மா, நான் நல்லாருக்கேன்" என்கிறாள், நொம்பப் பதவிசாக. வீட்டில் கூச்சல் இல்லை, சண்டை இல்லை. இவ்வளவு மரியாதையான வீட்டில் எனக்கு இன்னும் தூக்கம் பழகவில்லை.