மாடு ஏன் பின்னாடி போச்சு?

ஆதார் அட்டையை நகலெடுக்கப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பள்ளி மாணவி வினாத்தாள் ஒன்றை நகலெடுத்துக்கொண்டிருந்தாள். இயந்திரத்திலிருந்து வெளியே வந்த தாளின் சூடான மை வாசனை என் பக்கம் வீசியது. எட்டிப் பார்த்தேன். அடுத்தவர் தாளை எட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம் இல்லைதான். ஆனால் இளமையில் பாதியைத் தேர்வு எழுதியே கழித்தவர்களுக்கு அது லேசில் போகாது. ‘கீழ்க்காணும் பத்தியைப் படித்து, நேரடியாகச் சொல்லப்படாத மையக்கருத்தைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று போட்டிருந்தது. எனக்கு உடனே தேன்மொழியின் அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறேன்.

அந்த வாசனை முதலில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது திருவூடல் தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியில். கீழே இரும்புக் கடை, மேலே எங்கள் பயிற்சி வகுப்பு. அரசுத் தேர்வுக்குப் படிக்கிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர்கள் நாங்கள். கம்பி இறக்கும் சத்தத்துக்கு நடுவில்தான் பாடம் நடக்கும். பௌர்ணமி வந்தால் விடுமுறை. கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸைப் பிடித்து எவரும் வந்து சேர முடியாது. பாடம் எடுத்த சாருக்கு எங்களைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். அவரும் அதே தேர்வுக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். அதனால் எங்களைத் திட்டும்போது குரலில் கொஞ்சம் தயக்கம் இருக்கும்.

ஒருநாள் அவர் கொடுத்த பத்தி இன்னும் நினைவில் இருக்கிறது. ஓர் ஊரில் ஏரி நிரம்பி வழிந்து கோடி போகிறது. பிள்ளைகள் மீன் பிடிக்க ஓடுகிறார்கள். வறண்டு கிடந்த கிணறுகளில் தண்ணீர் ஊறுகிறது. வெளியூருக்கு வேலை தேடிப் போனவர்கள் மூட்டை முடிச்சோடு திரும்புகிறார்கள். விதைநெல் விற்கும் கடையில் கூட்டம். இதன் மையக்கருத்து என்ன?

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேன்மொழி ‘ஏரி நிரம்பியது’ என்பதற்கு நேராக டிக் அடித்தாள்.

“அது ஒரு வாக்கியம்மா. மையக்கருத்து இல்ல,” என்றார் சார்.

“அதான சார் எழுதியிருக்குது?”

“எழுதாம விட்டதத்தான் கேக்கறாங்க.”

“எழுதாதத நான் எப்படி சார் படிக்கறது?”

வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்துவிட்டுச் சொன்னார்: “எல்லா வாக்கியத்தையும் ஒரு குடைக்குள்ள கூப்பிடு. ஒண்ணு வெளிய நின்னு நனைஞ்சாலும் அந்தக் குடை சின்னது. அதுக்குனு ஊருக்கே பந்தல் போட்டுடாத. மழை உயிருக்கு ஆதாரம்னு எழுதினா அதுவும் தப்பு, ஜாஸ்தியா போயிடும். ஏரி ரொம்பினதால அந்த ஊருக்கு உயிர் வந்துச்சு. அவ்ளோதான்.”

எனக்கு இது சுலபமாக வந்தது. தாளை வாங்கிய வேகத்தில் டிக் அடித்துவிட்டு மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் முகம் அப்போது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

நானும் தேன்மொழியும் செங்கம் சாலையில் ஒரு வீட்டின் மாடி அறையில் தங்கியிருந்தோம். ஜன்னலைத் திறந்தால் மலை. அவள் ஊர் தண்டராம்பட்டுக்கும் அந்தப் பக்கம். அப்பா விவசாயி. சாயங்காலம் நாங்கள் ரவை கிண்டும் நேரத்துக்குச் சரியாகப் போன் செய்வார். தேன்மொழியின் போனைக் காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது. ஸ்பீக்கர் மட்டும்தான் வேலை செய்யும். ஆகவே அவர் மகளோடு பேசியதையெல்லாம் நானும் கேட்டேன்.

அவர் பேச்சுக்கு முன்னுரையும் கிடையாது, முடிவுரையும் கிடையாது. “சாப்ட்டியா? கொல்லையில மல்லாட்ட செடி புடுங்கியாச்சி. உங்கம்மாவுக்கு முட்டி வலி கம்மி. டவுன் பஸ்ஸு இன்னிக்கி வரல. சரி, வெச்சிடட்டா?” என்று வைத்துவிடுவார். எதற்கு அழைத்தார் என்று கடைசிவரை தெரியாது. நாங்கள் ரவையைத் தின்றுகொண்டே விளையாட்டாக மையக்கருத்து கண்டுபிடிப்போம். “உன் ஞாபகமா கீறாரு, அவ்ளோதான்,” என்பேன். பெரும்பாலும் அதுதான் விடையாக இருக்கும்.

அந்தக் கார்த்திகையில் வீட்டுக்காரர் அறையைக் காலி செய்யச் சொன்னார். தீபத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவது இங்கே எல்லா வீட்டிலும் நடப்பதுதான். வகுப்பும் முடிகிற சமயம். தேர்வுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. தேன்மொழி அப்பாவிடம் அதைச் சொன்னாள்: “எங்க உக்காந்து படிக்கறதுனே தெரியலப்பா. நம்ம வீட்ல ஒரே சத்தம்.” அவர் “ம்” என்றார். பிறகு பயிருக்கு மருந்தடித்த கதைக்குப் போய்விட்டார்.

அதே சமயத்தில் அவள் தாய்மாமா ஒரு வரனைச் சொல்லி வீட்டுக்கு நடையாக நடந்துகொண்டிருந்தார். “படிச்சது போதும், வயசாவுது” என்பது மாமாவின் கட்சி. அப்பா எந்தக் கட்சி என்பது அவளுக்குத் தெரியாது. கேட்கவும் பயம். கேட்டால் பதில் வந்துவிடுமே.

சில நாள் கழித்து அந்தப் போன் வந்தது.

“சாப்ட்டியா? ஊட்டுக்கு வெள்ள அடிச்சாச்சி. பின்னாடி ரூம்புல கெடந்த மூட்டைங்கள கொட்டாய்ல போட்டுட்டேன். உங்க மாமா வந்தாரு, மோர் குடிச்சிட்டு போயிட்டாரு. கரெண்டு வேல செய்றவன் வந்து அந்த ரூம்பு லைட்ட கீழ எறக்கி வெச்சான். ஆசாரிகிட்ட ஒரு மேஜ சொல்லியிருக்கேன். மாட்ட இப்ப பின்னாடி தோப்புல கட்றோம். சரி, வெச்சிடட்டா?”

தேன்மொழியின் முகம் வெளுத்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் இருக்கிறேனே, வகுப்பின் கெட்டிக்காரி. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “மாமா வந்திருக்காரு, வெள்ள அடிச்சிருக்காங்க, லைட்டு போட்டிருக்காங்க. பொண்ணு பாக்க வராங்கடி,” என்றேன். ஆறுதல் வேறு சொன்னேன்: “பையன் நல்லவனா இருந்தா கல்யாணம் ஆன பின்னாடி கூட படிக்கலாம்.”

அவள் அழுதாள். அழுதுகொண்டே புத்தகங்களைப் பைக்குள் போட்டாள். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். ரவை சட்டியிலேயே ஆறிக் கட்டியாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. பையில் பாதி போன கை அப்படியே நிற்க, அவள் கேட்டாள்:

“மாடு ஏன்டி பின்னாடி போச்சு?”

“இன்னாடி கேக்கற?”

“மாடு எப்பவும் அந்தப் பின்னாடி ரூம்பு ஜன்னலாண்டதான் இருக்கும். விடிய விடிய கத்தும். பொண்ணு பாக்க வந்தா மாட்ட ஏன் தோப்புக்கு ஓட்டணும்? வர்றவங்க உக்கார்றது முன்னாடி கூடத்துல. பின்னாடி ரூம்புல எதுக்கு லைட்ட எறக்கணும்?” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “மாமா வந்தா எங்கூட்ல கோழி அடிப்பாங்க. அப்பா வெறும் மோர் குடுத்து அனுப்பியிருக்காரு.”

என் குடைக்கு வெளியே எத்தனை வாக்கியங்கள் நனைந்துகொண்டிருந்தன! மாடு, மூட்டை, மேஜை, மோர் எல்லாமே வெளியேதான்.

“நான் படிக்கறதுக்குடி,” என்றாள். சொல்லிவிட்டு மறுபடி அழ ஆரம்பித்தாள். இந்தத் தடவை நானும் சேர்ந்துகொண்டேன். காரணம் கேட்காதீர்கள். அந்த வயதில் துணைக்கு அழுவது பெரிய சுகம்.

ஆனாலும் நேரில் பார்க்காமல் நம்ப முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் அவள் ஊருக்குப் பஸ் ஏறினோம். பின் அறையில் சுண்ணாம்பு ஈரம் இன்னும் காயவில்லை. ஜன்னலை ஒட்டிப் புது மேஜை, வார்னிஷ் மணக்க நின்றது. விளக்கு சரியாக மேஜைக்கு மேலே தொங்கியது. தேன்மொழி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“எதுக்குப்பா இதெல்லாம்?”

அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து மேஜையை ஒரு தரம் துடைத்தார். “செவுரு அழுக்கா இருந்துச்சிம்மா,” என்றார். “பஸ்ஸு கூட்டமா?”

அவள் அம்மாதான் சமையலறையிலிருந்து சத்தம் போட்டுச் சொன்னார்: “பரீட்ச முடியறவரைக்கும் இந்தப் பேச்ச எடுத்துக்கினு வராதனு மாமாகிட்ட சொல்லிட்டாருடி. அவரு கோவிச்சிக்கினு போயிட்டாரு.” அப்பா அதைக் காதில் வாங்காத மாதிரி மாட்டைப் பார்க்கத் தோப்புக்குப் போனார். அவர் நடையில் கொஞ்சம் அவசரம் இருந்தது.

தேன்மொழி அந்த மேஜையில் படித்துத் தேர்வில் தேறினாள். வேங்கிக்கால் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. இன்றைக்கு அங்கே ஒரு பிரிவுக்கே அவள்தான் பொறுப்பு. கல்யாணம் பிறகு அவள் விருப்பப்படி நடந்தது; மாமாதான் பந்தலில் முன்னால் நின்றார். எனக்கு அந்தத் தேர்வில் பத்திக் கேள்வி எல்லாம் சரி. கணக்கு காலை வாரிவிட்டது. தனியார் பள்ளி ஒன்றில் தமிழ் எடுக்கிறேன். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு மையக்கருத்து சொல்லித்தரும்போது கொஞ்சம் பொறுமையாகவே சொல்லித்தருகிறேன்.

இரும்புக் கடை மாடி இப்போது தங்கும் விடுதியாகிவிட்டது. சார் தேர்வு எழுதி எழுதிக் கடைசியில் வேறு மாவட்டத்துக்கு வேலையாகிப் போனார். செங்கம் சாலையில் நாங்கள் இருந்த வீட்டை இடித்து வெளிநாட்டுக்காரர்கள் வந்து உட்காரும் காபிக் கடை கட்டியிருக்கிறார்கள். எங்கள் ஜன்னல் இருந்த இடத்துக்கு எதிரே நாலு மாடி எழும்பி மலையை மறைத்துவிட்டது.

போன மாதம் ஒரு சாயங்காலம் தேன்மொழியின் அலுவலகத்துக்கு வெளியே இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவள் அப்பா அழைத்தார். அவருக்கு இப்போது காது மந்தம். இந்தப் பக்கம் பேசுவது கேட்பதில்லை. அதனால் மாடு, மழை, பஸ் என்று அடுக்கிய பேச்சையெல்லாம் சுருக்கிவிட்டார்.

“நல்லாக்கீறேன்மா. நீயும் நல்லா இரு. வெச்சிடறேன்.”

அவ்வளவுதான். தேன்மொழி போனைப் பையில் போடாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

“ஊர்ல மழையானு கூட சொல்லலடி,” என்றாள்.