பேருந்தை மறித்த சினை மாடு

அக்காவுக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்கவில்லை. கிடைத்தது கறவை மாட்டுப் பண்ணை மேலாண்மை. பேருந்து ஓட்டுநரான அப்பாவோ வழக்கமாக வரும் பயணிகளிடமெல்லாம், "பொண்ணு டாக்டருக்குப் படிக்குது" என்று சொல்லிவைத்திருந்தார்.

எங்கள் வீட்டுக்குப் பால் பாக்கெட்டில்தான் வரும். கல்லூரியில் முதல் கறவை வகுப்பில் அக்கா மாட்டின் மடியில் கை வைத்ததும், அது உதைத்த உதையில் வாளி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். விடுதிக்குப் போய் அழுதிருக்கிறாள். ஆனால் அடுத்த விடுமுறைக்கு வந்தபோது பேச்செல்லாம் மாடுதான். எது அசைபோடவில்லை, எதற்குச் சாணி இளகிப்போயிருக்கிறது என்று ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள்.

"சோத்துல கை வச்சிருக்கோம்டி, கொஞ்சம் சும்மா இரு!" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அக்காவின் இரண்டாம் ஆண்டில் அப்பாவைக் கல்லூரி வாசல் வழியாகப் போகும் தடத்துக்கு மாற்றினார்கள். ஒரு நாள் காலை, கேட் திறந்திருந்த நேரம் பார்த்து வெளியே வந்த சினை மாடு ஒன்று, அவருடைய பேருந்துக்கு முன்னால் நடுச்சாலையில் நின்றுகொண்டது. அப்பா ஹாரனை அழுத்தினார். பின்னாலேயே ஓடிவந்த மாணவன் ஒருவன் கயிற்றைப் பிடித்து முன்னாலிருந்து இழுத்தான். இழுக்க இழுக்க அது காலை ஊன்றிக்கொண்டது.

"ஹாரன் அடிக்காதீங்க! சினையா இருக்கு, மிரண்டு விழுந்துடும்!"

கத்திக்கொண்டே வந்தது அக்கா. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், அதற்கு மேலே சாணி. நிமிர்ந்து பார்த்தால், ஓட்டுநர் இருக்கையில் அப்பா.

அப்பா இஞ்சினை அணைத்தார்.

அக்கா கயிற்றைத் தளர்த்தச் சொன்னாள். மாட்டின் தோளுக்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டில் போய் நின்று, மெல்ல ஓரடி எடுத்துவைத்தாள். "நட தாயி, போலாம்." மாடு தன்பாட்டுக்கு நடந்தது.

"கெட்டிக்காரப் பொண்ணா இருக்கே, யாருங்க இது, டிரைவரே?" என்று முன்சீட்டில் இருந்த வழக்கமான பயணி கேட்டார்.

"என் பொண்ணுதாங்க."

"டாக்டருக்குப் படிக்குதுன்னீங்க?"

"இல்லீங்க. மாட்டுப் பண்ணைய பாத்துக்கிற படிப்பு. நான்தான் கூச்சப்பட்டுக்கிட்டு மாத்திச் சொல்லிட்டேன்."

சன்னலுக்குக் கீழே போய்க்கொண்டிருந்த அக்காவுக்கும் அது கேட்டது. பூட்ஸ் காலோடு கேட்டுக்குள் போய், தீவன மூட்டைகளுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம். அவளே சொன்னது.

அதன்பிறகு வார இறுதியில் அவள் அப்பா வண்டியிலேயே வீட்டுக்கு வருவாள். எனக்குப் பள்ளி விடுமுறை என்றால் நானும் தொற்றிக்கொள்வேன். இஞ்சின் மூடியின் சூட்டில் அவளை ஒட்டி உட்கார்ந்துகொள்வேன். அவள் துணிப்பையிலிருந்து வைக்கோல் வாசனை வரும்.

"அன்னைக்கு வழிமறிச்சுதே, அது கன்னு போட்டுடுச்சாம்மா?" என்று பின்னாலிருந்து யாராவது கேட்பார்கள்.

"போட்டுடுச்சுங்க. பொட்டக்கன்னு, கிடாரி!"

சொந்தத்தில் பிரசவம் நடந்த மாதிரி வண்டியே விசாரிக்கும். அக்கா இப்போது பெரிய பண்ணையொன்றில் கன்றுப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். அப்பா ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆகிறது. ஆனாலும் அவள் போன் வந்தால் நலம் விசாரிப்பதற்கு முன்பே கேட்டுவிடுவார்: "யாரு கன்னு போட்டா?"