மண்டபத்தைக் கழுவிய புண்ணியவதி

எங்கள் வீட்டில் யாராவது பாத்திரத்தை அளவுக்கு மீறித் தேய்த்தால், "போதும்டி, மண்டபத்தக் கழுவுன மாதிரிக் கழுவாத" என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். அந்த மண்டபத்தைக் கழுவிய புண்ணியவதி நான்தான். சித்தியும் கூட்டாளிதான், ஆனால் அவள் கல்யாணமாகி அறந்தாங்கிக்குப் போய்விட்டாள், பழி முழுக்க என் தலையில் நிற்கிறது.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. குன்றாண்டார்கோவில் போகும் சாலையில் அப்பாவுக்குக் கல்பட்டறை. இலங்கையில் சண்டையின்போது குண்டு விழுந்து நொறுங்கிய ஒரு சிவன் கோயிலை இரண்டு நாட்டு அரசாங்கங்களும் சேர்ந்து மறுபடி எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தன. அதன் முன்மண்டபத்துக்குப் பதினாறு தூணும், அவற்றுக்கு அடிக்கல்லும் உத்திரமும் செதுக்கிக் கப்பலில் அனுப்பும் வேலை அப்பாவுக்கு வந்தது. அங்கிருந்து ஒரு இன்ஜினியரம்மா அடிக்கடி வந்து பார்ப்பார். சிங்களப் பெண். தமிழில் 'வணக்கம்', 'நல்லம்', 'காரம்' என்று மூன்றே சொல்தான் தெரியும். எங்கள் வீட்டில் சாப்பிட ஆரம்பித்த பிறகு மூன்றாவதைத்தான் அதிகம் சொன்னார்.

பட்டறையில் பாலிஷ் போட்டவரை நான் முகாம் மாமா என்று கூப்பிடுவேன். சிறு பிள்ளையாக இருந்தபோதே சண்டைக்குத் தப்பிப் படகேறி வந்து, பக்கத்து அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே கல்யாணம் கட்டி இரண்டு பிள்ளை பெற்றவர். அந்தக் கோயில் அவருடைய சொந்த ஊர்க் கோயில். "குரங்கு தெக்குப் பக்கத் தூணிலதான் இருந்தது, வாலைச் சுருட்டிக்கொண்டு" என்று நினைவிலிருந்து சொல்வார். இன்ஜினியரம்மா பழைய போட்டோவை எடுத்துப் பார்த்தால் குரங்கு அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

வேலை முடியும் சமயம் ஒருநாள் மாமா அப்பாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அண்ணை, அனுப்ப முன்னம் ஒருக்கா எல்லாத்தையும் நிமிர்த்திப் பாக்க மாட்டியளே?"

"நேரமில்லப்பா. செவ்வாக்கெழம லாரி வருது. அங்கிட்டுப் போயி நிமித்திக்கிருவாங்க."

மாமா "ஓம்" என்று தலையாட்டிவிட்டுப் பாலிஷ் மெஷினைப் போட்டார். சாப்பாட்டுக்குக்கூட அதை நிறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை ஆட்களுக்கு லீவு, அப்பாவும் டவுனுக்குப் போயிருந்தார். திங்கட்கிழமை இரண்டு நாட்டு அதிகாரிகளும் வருவதாக இருந்தது. சித்தி பட்டறைக்குள் எட்டிப் பார்த்துப் பதறிப்போனாள். "சாமிக்குப் போற கல்லு, இம்புட்டு அழுக்காவா கெடக்கும்? வாரவுக என்ன நெனப்பாங்க?"

சீயக்காய், தேங்காய் நார், மோட்டார் ஹோஸ் எல்லாம் வந்தன. ஒவ்வொரு கல்லின் தலைமாட்டிலும் சிவப்பாகக் கோடும் புள்ளியுமாக ஏதோ தெறித்திருந்தது. பஸ் ஸ்டாண்டு மூலைகளைப் பார்த்து வளர்ந்தவள் நான், வேறென்ன நினைப்பேன்? "சித்தி, வெத்தலையத் துப்பி வச்சிருக்காய்ங்க, அறிவு கெட்டவய்ங்க!" என்று திட்டிக்கொண்டே ஒன்று விடாமல் தேய்த்தேன். பிறகு எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். பட்டறை கல்யாண வீடு மாதிரி மணத்தது.

சாயங்காலம் அப்பா வந்தார். பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அது வெற்றிலை இல்லையாம். எந்தத் தூண் எந்த அடிக்கல்லின் குழியில் நிற்க வேண்டும், எந்தக் கல் எதன் மேல் உட்கார வேண்டும் என்று காவியைக் கரைத்து அப்பா போட்ட அடையாளமாம். ஒவ்வொரு தூணையும் அதனதன் குழிக்கென்றே இழைத்திருந்ததால் மாற்றி வைத்தால் உட்காராது. பார்வைக்கோ முக்கால்வாசியும் ஒரே அச்சு.

"மொகங்கழுவச் சொன்னா அழுவ, மண்டபத்த மட்டும் கழுவுவியாடி?" என்று அப்பா கத்தியதில் சித்தி கொல்லை வழியாக ஓடிவிட்டாள். நான் சிமெண்டு மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அழுதேன்.

தகவல் கேட்டு முகாம் மாமா வந்தார். கல்லைச் சுற்றிச் சுற்றி நடந்தார். "அண்ணை, இனி ஒரு வழிதான் இருக்கு. நிமிர்த்தித்தான் பாக்கோணும்" என்றார். அவர் குரலில் கவலையே இல்லாதது எனக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் விடியும்போதே கிரேன் வந்துவிட்டது, கூடவே ஊரும். ஒரு தூண் பொருந்தாமல் ஆடினால் "அய்யய்யோ" என்பார்கள். சரியாக உட்கார்ந்தால் விசில் பறக்கும். மாமா ஓடி ஓடி, "இது இல்லை, அங்கால கொண்டு போங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஞாயிறு மத்தியானம் எங்கள் பொட்டலில் பதினாறு கால் மண்டபம் ஜம்மென்று நின்றது! அப்போது பார்த்து இன்ஜினியரம்மா ஒருநாள் முன்னதாகவே வந்து இறங்கினார். அப்பா என்னைக் காட்டி, கல்லைத் தேய்ப்பதுபோல் சைகை செய்தார். அந்தம்மா மண்டபத்தை அண்ணாந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நல்லம், நல்லம்!" அம்மா அங்கேயே சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். அதைத் தின்றுவிட்டு அந்தம்மா "காரம்... இல்லை" என்று நான்காவது சொல்லையும் கற்றுக்கொண்டார். நானும் வெட்கமில்லாமல் மூன்று தடவை வாங்கித் தின்றேன்.

மாமா முகாமுக்குப் போய் மனைவியையும் பிள்ளைகளையும் கூட்டி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, சாமியே இல்லாத அந்த மண்டபத்தை மூன்று சுற்றுச் சுற்றினார். சின்னவனைத் தூக்கிக் குரங்கின் வாலைத் தொடவைத்தார். "இதைத் தொட்டிட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் போறனான்" என்றார்.

அதிகாரிகள் பார்த்துப் போனதும் கல்லில் உளியாலேயே அடையாளம் வெட்டி, மண்டபத்தைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள்.

"மாமா, நீங்களும் கூடப் போயி நிமித்திக் குடுத்துட்டு வரலாம்ல?" என்று கேட்டேன்.

"கல்லுக்குப் பேப்பர் எல்லாம் சரி பிள்ளை" என்று சிரித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு தேன்மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். "கழுவினதுக்கு."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நாலு நாளாக ஊரே என்னைக் கேலி செய்தது போதாதென்று இவருமா! பொட்டலத்தை அவர் கையிலேயே திணித்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

பேப்பர் இல்லாமல் அங்கே போனால் பெண்டாட்டி பிள்ளையிடம் திரும்பி வர அவருக்கு வழியில்லை என்பதும், தன் ஊர்க் கோயிலை அவர் மறுபடி பார்த்தது எங்கள் பொட்டலில் நின்ற அந்த இரண்டு நாள்தான் என்பதும் காலேஜுக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த மிட்டாயை நான் வாங்கித் தின்றிருக்கலாம்.