எகிப்து முகப்பில் தனலெட்சுமி

இலங்கை மலையகத்தில், மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் தனலெட்சுமியை யாராலும் பேசி மயக்க முடியாது. இனாமாகக் கூரைத் தகரம் தருகிறார்கள் என்றால், பழைய கூரை விழப்போவது அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்பாள்.

ஆகவே, தேயிலை ஃபெக்டரிக்கு எகிப்தியக் கோயில் மாதிரி முகப்பு கட்டுகிறார்கள், வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க வருவார்கள் என்று கேட்டு மற்றவர்கள் வாயைப் பிளந்தபோது, அவள் முகத்தைச் சுளித்தாள்.

“தேயில காயிறதுக்கு எதுக்கு இம்புட்டுத் தூணு?”

அதிலும் கட்டடத்தை வரைந்த கொழும்புத் துரை, கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவளையே சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. போட்டோ பிடித்தால் ஆளைக் கிளப்பப்போகிறார்கள் என்பது அவள் கணக்கு. அவளுக்கென்று இருந்தது, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், ஒரேயொரு காம்பரா அறைதான். வாழ வந்ததும் அங்கே, பிள்ளை பெற்றதும் அங்கே.

ஒரு வெள்ளிக்கிழமை, முகப்பு வேலை முடிந்து சாரத்தைப் பிரித்தார்கள். சுவர் முழுக்கப் புடைப்புச் சிலைகள். ராஜா உட்கார்ந்திருக்க, கூடை சுமந்த பெண்கள் வரிசையாக நின்றார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு வந்த பெண்களுக்கு அது கோயில்தான். செருப்பைக் கழற்றினார்கள். சூடம் கொளுத்தி, வரிசையில் முதலில் நின்ற பெண்ணை அம்மன் என்று நினைத்துக் குங்குமம் வைத்து மாலையும் போட்டார்கள்.

தனலெட்சுமி கிட்டப் போய்ப் பார்த்தாள். அம்மனுக்கு முன்பல் உடைந்திருந்தது. இடது புருவத்தில் தழும்பு. அவளுக்கும் அப்படியே.

செத்தவர்களின் படத்துக்குத்தான் லயத்தில் இப்படிப் பொட்டும் மாலையும். குங்குமத்தை முந்தானையால் துடைத்து, மாலையைப் பிடுங்கினாள்.

“நான் இன்னும் சாவல புள்ள,” என்றாள் அடுத்த காம்பராக் கம்சலாவிடம்.

சத்தம் கேட்டு வந்த ஃபெக்டரி அதிகாரி கிரிஷாந்தன் சிரித்தான். “பெருமைப்படுங்க அக்கா. ஆயிரம் வருசத்துக்கு நீங்க இங்கதான் இருப்பீங்க.”

“அப்ப எங்க லயம்?”

சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான். ரோட்டிலிருந்து பார்த்தால் லயம் முகப்பை மறைக்கிறதாம். மழை விட்டதும் இடிப்பார்களாம்.

“வேற எடம் பாத்துக்கிட்டிருக்காங்க அக்கா.”

“எங்க?”

சந்தேகம் பலித்ததில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை, அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே தன் சிலையின் காலடியில் உட்கார்ந்தாள்.

“எழும்புங்க அக்கா, இங்க உக்காரக் கூடாது.”

“என் மூஞ்சிக்குக் கீழதானே உக்காந்திருக்கேன். எடத்தக் காட்டுங்க, எழும்புறேன்.”

கம்சலாவும் கூடையை இறக்கிவைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.